கடைசி ஆளுக்கு ஓர் அக்டோபர்

அந்த ஒரு பக்க அறிவிப்பைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வேலை பார்க்கும் சிப் கம்பெனி ஊருக்கெல்லாம் வெளியிட்ட அறிவிப்பு. புதிய முறையில் உற்பத்தி செப்டம்பர் கடைசியில் தொடங்கும், வருஷம் முடிவதற்குள் சிப்புகள் வாங்குபவர்கள் கைக்குப் போகும். இவ்வளவுதான். இதற்குள் ஒரு கல்யாணத்தை எங்கே செருகுவது? மண்டபக்காரர் சாயங்காலம் வரைக்கும்தான் கெடு கொடுத்திருந்தார்.

மாப்பிள்ளையைக் கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் அவன் வாயைத் திறக்க மாட்டான். உள்விவரம் எதையும் வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன். நல்ல பிள்ளைதான், ஆனால் நல்லதனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

பெண் ரொட்டிக் கடை நடத்துகிறவள். போன தடவை குறித்த தேதிக்கு முந்தின நாள் தொழிற்சாலையில் சோதனை எந்திரம் படுத்துவிட்டது. அவன் ஓடினான், கல்யாணம் நின்றது. தன் கல்யாணத்துக்குத் தானே செய்த மூன்றடுக்குக் கேக்கை அவள் கடையில் துண்டு போட்டு விற்றாள். அவன்மேல் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. இன்னொரு தடவை அதைத் தாங்க அவளுக்குத் தெம்பில்லை.

"ஆகஸ்ட்ல வச்சிடலாம்," என்றார் பெண்ணின் சித்தப்பா. பஸ் டெப்போவில் முப்பது வருஷம் நேர அட்டவணை போட்டவர். "உற்பத்தி ஆரம்பிக்கறதுக்குள்ள முடிச்சிடணும்." சொல்லிவிட்டு மாப்பிள்ளையின் முகத்தைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார்.

"அவன் மூஞ்சியப் பாக்காதீங்க சித்தப்பா. பாவம், அவன் வேலைக்கு உலை வச்சிடாதீங்க," என்றாள் பெண்.

அவள் அறிவிப்பை இன்னொரு முறை படித்தாள். கம்பெனி போன வருஷம் அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்த புத்தகத்தையும் புரட்டினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"எங்க கடையில மாவு பிசையறப்போ பாக்கெட் போடற அக்கா என்ன பண்ணுவாங்க தெரியுமா?"

"என்ன பண்ணுவாங்க?"

"வீட்ல தூங்குவாங்க. ரொட்டி வெந்து வெளிய வந்தாத்தான் அவங்களுக்கு வேலை. இங்க ஒரு சிலிக்கான் தகடு உள்ள போய் சிப்பா வெளிய வர ரெண்டரை மாசம் ஆகும்னு அவங்களே இதுல போட்டிருக்காங்க. இவன் வெளிய வந்ததச் சோதிக்கற கடைசி ஆளு. செப்டம்பர் வரைக்கும் வெள்ளோட்டத் தகடு வந்துட்டே இருக்கும், அதச் சோதிச்சு முடிச்சாத்தான் உற்பத்தியே ஆரம்பிப்பாங்க, அதனால விட மாட்டாங்க. டிசம்பர்ல அசல் சரக்கு வரும், அப்பவும் விட மாட்டாங்க. நடுவுல அக்டோபர் கடைசி. அப்போ இவன் கையில ஒண்ணுமே இருக்காது."

"உற்பத்தி ஆரம்பிச்சு எல்லாரும் பம்பரமாச் சுத்தறப்பவா?" சித்தப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை.

மாப்பிள்ளை சுவர்க் கடிகாரத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆசையும் வந்தது.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். அன்னிக்கு என் பக்கத்துல இருந்தாப் போதும்," என்று சொல்லிவிட்டு மண்டபக்காரருக்குப் போன் போட்டாள்.

செப்டம்பர் கடைசியில் உற்பத்தி தொடங்கிய செய்தி வந்தது. அதிலிருந்து நாலு வாரம் அவள் சரியாகத் தூங்கவில்லை.

கல்யாணத்தன்று பதிவேட்டில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தாள். அவன் போன் அடித்தது. தொழிற்சாலையிலிருந்துதான். அவன் "சரி சார், சரி சார்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்தான்.

"கூப்பிடறாங்களா?"

"மேனேஜர். வண்டிய வெளிய நிறுத்திட்டு வர்றாராம்."

வாசல் வழியாகச் சோதனைப் பிரிவு மொத்தமும் உள்ளே வந்தது. பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து, கடைசி நாலு வரிசையை நிரப்பிக்கொண்டு, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று நிதானமாக விசாரித்தார்கள். சித்தப்பா அழைப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு பிரிவு ஆட்களை ஒவ்வொருவராக எண்ணினார். இருபத்திரண்டு பேர், ஒருத்தர் பாக்கியில்லை.

"அப்போ நான் போட்ட கணக்கு சரிதானே?" என்று அவள் அவன் காதோடு கேட்டாள்.

"அத நான் சொல்லக் கூடாது," என்றான் அவன், அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே.