ஓசி பாய்லரும் ஒரு கேள்வியும்

பாய்லர்காரன், வீட்டைச் சூடாக்கும் அந்தப் பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பல்லிடுக்கில் காற்றை இழுத்து 'ஸ்ஸ்' என்றபோதே நொரீனுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் எந்த வேலைக்காரன் அப்படி இழுத்தாலும் விலை ஏறப்போகிறது என்று அர்த்தம். இதற்கான உதிரிச் சாமான் இப்போது கடையில் வருவதே இல்லை, புது பாய்லர்தான் போடவேண்டும் என்றான். அவன் சொன்ன தொகைக்கு ஒரு கோட்டையையே சூடாக்கலாம். அவனுக்கு டீ கொடுத்தாள், பிஸ்கட் கொடுக்கவில்லை.

இன்னொருவனை வரவழைத்தாள். அவனும் 'ஸ்ஸ்' என்றான், அதையேதான் சொன்னான். இரண்டு பேரும் ஒரே மதுக்கடையில் குடிக்கிற கூட்டுக் களவாணிகள் என்று முடிவு கட்டினாள்.

ஆனால் பாய்லர் இல்லாமலும் முடியாது. போன ஜனவரியில் அது பாதி நாள் ஓடாமல், வீடு ஐஸ் பெட்டியாகி, நொரீன் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்னொரு குளிர்காலத்தை இப்படிக் கழித்தால் உன் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். இப்போது அக்டோபர் முடிகிறது.

புருஷன் ஆர்னல்ட் கம்பள ஆலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். மெதடிஸ்ட் சபையில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவன், பொய் சொல்லாதவன் என்று தெருவே சொல்லும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுச் செலவுக்கான பணத்தை அடுப்புமேடையில் வைப்பான். அதற்குமேல் என்ன இருக்கிறது என்று அவள் கேட்டதில்லை. அவள் அம்மாவும் கேட்டதில்லை. அந்தத் தெருவில் புருஷனின் வயதைக் கேட்கலாம், சம்பளத்தைக் கேட்கக்கூடாது. புது பாய்லர் பேச்சை எடுத்தபோது, "அவ்வளவுக்கு எங்க போறது, நொரீன்?" என்றான். அத்தோடு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு பெரிலுக்கு நகராட்சித் திட்டத்தில் சும்மாவே பாய்லர் போட்டுக்கொடுத்தார்கள். நொரீனுக்கு நம்பிக்கை வரவில்லை. சர்க்கரை கடன் கேட்கிற சாக்கில் போய், பெரில் அந்தப் பக்கம் திரும்பியபோது அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தாள். கை சுட்டது. அப்படியானால் கேஸ் பில்லில் கையை வைக்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். பில்லும் குறைந்துதான் வந்திருந்தது. அதைக் கேட்டு அவளுக்கு இன்னும் சந்தேகமாகிவிட்டது.

ஆர்னல்ட் கேலி செய்தான். "ஓசில குடுத்தா பெரில் பினாயிலைக்கூடக் குடிப்பா. தூண்டில்ல புழுவைக் குத்தறவன் மீனுக்கு விருந்து வைக்கவா குத்தறான்?"

இருந்தாலும் நொரீன் பெரிலிடம் எண் வாங்கித் திட்டத்துக்குப் போன் செய்தாள். எடுத்த பெண் இனிமையாகப் பேசினாள், அதுவே சரியில்லை. வைத்துவிட்டு, நகராட்சியின் எண்ணைத் தானே தேடிப் பிடித்து, அப்படி ஒரு ஆள் உண்டா என்று விசாரித்தாள். உண்டு என்றார்கள். சொன்னவனும் உடந்தையாக இருந்தால்? பெரிலின் தம்பியை நேரில் அனுப்பி விசாரித்த பிறகுதான் மனம் கொஞ்சம் இறங்கியது.

இத்தனைக்கும் நடுவில் ஆர்னல்ட் ஒரு தினுசாக இருந்தான். திட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் தோட்டத்துக்குப் போய்விடுவான். வெங்காயத்தைப் பிடுங்கியாயிற்று, பிறகு அங்கே என்ன வேலை? நொரீனுக்கு அது சட்டென்று புரிந்தது. பாவம், தன் ஏழ்மையை ஒரு அந்நிய மனுஷி முன்னால் சொல்ல வெட்கப்படுகிறான். அந்த வாரம் இறைச்சிக்கடையில் தன் பங்கைக் குறைத்துக்கொண்டு, அவனுக்குப் பிடித்த ஈரல் வாங்கினாள்.

நகராட்சிப் பெண் ரிஸ்வானா வந்தாள். நொரீன் அவள் அடையாள அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள். ரிஸ்வானா கோபிக்கவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், சுவர் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள், டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் போடவேண்டும் என்றாள். நொரீன் முதல் முறையாக மனம்விட்டுச் சிரித்து, பிஸ்கட் டப்பாவை எடுத்து வைத்தாள்.

கடைசியாக ஒரு கேள்வி என்று ரிஸ்வானா ஆர்னல்ட் பக்கம் திரும்பினாள். ரெண்டு பேருக்குமாகச் சேமிப்பு பதினாறாயிரம் பவுண்டுக்கு மேல் இருந்தால் திட்டத்தில் இடமில்லையாம்.

நொரீன் முந்திக்கொண்டாள். "அவரைக் கேக்காத கண்ணு. எங்ககிட்ட ஒண்ணும் கெடையாது. நானே சொல்றேன், எழுதிக்கோ."

"அவர் வாயால சொல்லணும், மிஸஸ் கிரீன்வுட். விதி அப்படி."

ஆர்னல்ட் டீக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லாமல் இருப்பது அவனுக்குப் பழக்கம். கேட்ட கேள்விக்குப் பொய் சொல்வது மட்டும் பழக்கமில்லை.

"அதுக்கு மேலயே இருக்கு" என்றான்.

எவ்வளவு என்று ரிஸ்வானா கேட்டாள்.

"எண்பத்தோராயிரம். சில்லறையும் இருக்கு."

ரிஸ்வானா பேனாவை மூடிவிட்டாள். அவளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நொரீன் புருஷனை ஏறிட்டுப் பார்த்தாள். பாய்லர்காரர்கள், பெரில், நகராட்சி, இந்தப் பெண் என்று ஊரில் ஒருவரை விடாமல் சந்தேகப்பட்டிருந்தாள். இவனை மட்டும் விட்டுவைத்திருந்தாள்.

"ஆபத்துக்கு ஆகும்னு வச்சேன், நொரீன்" என்றான் ஆர்னல்ட், மெதுவாக.

"ஜனவரில மூச்சு விட முடியாம நான் ஆஸ்பத்திரில கெடந்தேன். நீ என் கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த. அது ஆபத்து இல்லாம வேற என்ன, ஆர்னல்ட்?"

அவன் கண் கலங்கியிருந்தது. அதை அவளும் பார்த்தாள், பார்த்தும் அவளுக்கு இரக்கம் வரவில்லை.

ரிஸ்வானா எழுந்து, மன்னிக்கவேண்டும் என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள். நொரீன் வாசல்வரை போய் வழியனுப்பி, அட்டையை அப்படிப் பார்த்ததற்கு வருத்தம் சொல்லிவிட்டு வந்தாள். ஆர்னல்ட் அதற்குள் போனைக் கையில் எடுத்திருந்தான். மூன்றாவதாக ஒருவனை விசாரித்தால் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கலாம் என்றான்.

"மொதல்ல வந்தவனையே கூப்பிடு. வெலை கேக்காத. நாளைக்கு வர முடியுமான்னு மட்டும் கேளு."

ஆர்னல்ட் எண்களை அழுத்தினான். அவன் விலை கேட்காமல் பேசி முடிக்கும்வரை நொரீன் பக்கத்திலேயே நின்றாள்.