கல்லில் வெட்டவேண்டிய மெட்டு

சவப்பெட்டியைத் தோளில் ஏற்றிய நால்வரும் மாதா கோயிலுக்குள் கால் வைத்தபோது மாடத்திலிருந்து ஆர்கன் முழங்கத் தொடங்கியது. ஒதில் அம்மாவின் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்தொரு வருஷம் அப்பா உட்கார்ந்து வாசித்த பலகையில் இன்று அவருடைய மாணவன் எதியென். காலை ரயிலில் பாரீஸிலிருந்து வந்திருந்தான்.

"கேட்டியா? உங்கப்பாவோட மெட்டு," என்றாள் அம்மா, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

ஒதில் சட்டென்று மாடத்தை நிமிர்ந்து பார்த்தாள். அது அப்பாவுடையது இல்லை. பதினாறு வயதில் அவள் எழுதியது. ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் கொண்டுபோய் நீட்டினாள். அப்பா ஒரு தரம் பார்த்தார். "இதுல சொந்தமா ஒண்ணும் இல்ல. உனக்கு இது வராது, விட்டுடு," என்றார். காகிதத்தைத் திருப்பித் தரவும் இல்லை. அவளும் விட்டுவிட்டாள். இருபத்தாறு வருஷமாகத் தபாலாபீசில் முத்திரை குத்திக்கொண்டிருக்கிறாள்.

ஐந்தாவது சுரம் மட்டும் மாறியிருந்தது. அவள் எழுதியதில் அது மேலே எகிறிக் காதை உறுத்தும். அப்பா அதைக் கீழே இறக்கி இதமாக்கியிருந்தார். பாவி மனுஷன், எடுத்ததுதான் எடுத்தார், முழுசாகவாவது எடுத்திருக்கக் கூடாதா?

அடக்கம் முடிந்ததும் கல்லறைத் தோட்டத்தில் எதியென் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வருஷா வருஷம் எங்களுக்குப் பரீட்சையில இந்த மெட்டைத்தான் குடுப்பார். அங்கேயே, அப்பவே, இத வச்சு கற்பனை பண்ணி வாசிக்கணும். எத்தனை பேரை இதுல கவுத்திருக்கார் தெரியுமா?"

"தான் எழுதினதுன்னு அவரே சொன்னாரா?"

"யாரு எழுதினதுன்னு கேட்டா வாயே திறக்க மாட்டார். நாங்களா புரிஞ்சுக்கிட்டோம்."

"பெருமை அடிச்சுக்கற மனுஷனா அவரு?" என்றாள் அம்மா.

எதியென் ரயிலுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டான். குழியை மூடும்வரை ஓரமாக நின்றிருந்த கல்தச்சர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"கல்லுல பேருக்குக் கீழ அந்த மெட்டு வேணும்," என்றாள் அம்மா. "ஒதில், உனக்குத்தான் சுரம் எழுதத் தெரியுமே. எழுதிக் குடு."

அது என்னோடதும்மா. இரண்டே வார்த்தை. ஒதில் வாயைத் திறந்தாள். அம்மா மண்மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைகூடப் பேசாத மனிதரோடு ஆயுசைக் கழித்தவள். அவர் விட்டுப்போனது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வேறு எதுவும் இல்லை. ஒதிலுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

கல்தச்சர் நீட்டிய காகிதத்தை முழங்கால்மேல் வைத்து, சுரம் எழுத ஐந்து கோடு இழுத்தாள். நாலு சுரம் வரை கை நிற்காமல் போயிற்று. ஐந்தாவதை அப்பா வைத்த இடத்தில் வைக்கவில்லை; பழையபடி மேலே ஏற்றினாள்.

"அப்பா வாசிச்ச மாதிரியே இருக்கில்ல?" என்றாள் அம்மா.

"சரியா இருக்கும்மா."

கல்தச்சர் காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "எனக்கு இது ஒண்ணும் புரியாது. மேலாப்புல கீறினாப் போதுமா, இல்ல ஆழமா வெட்டணுமா?"

"ஆழமாவே வெட்டுங்க," என்றாள் ஒதில்.