அக்கரையிலிருந்து பார்த்தால்

ஜனாஸா தெருமுனை திரும்புவதற்குள் றமீலா மாமி சுத்தியலைக் கேட்டாள்.

ஜஹானா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். சந்தூக்கைத் தோளில் சுமந்த ஆண்கள் கலிமா சொல்லும் சத்தம் மடவளைக் கடைத்தெருப் பக்கம் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. வாப்பாவை இனிப் பார்க்கவே முடியாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அழுகை வந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து சுத்தியல் என்ற சொல் கேட்டது. மாமி அப்படித்தான். வாப்பாவுக்கு மூத்த சகோதரி. கலியாண வீடோ மவுத்து வீடோ, அடுத்து ஆகவேண்டியது என்ன என்று எல்லோருக்கும் முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். அழுகையைக்கூட வேலையெல்லாம் முடிந்த பிறகு என்று ஒதுக்கி வைத்துவிடுவாள்.

சுத்தியல் ஜன்னலுக்கு. நடு அறைக் கட்டிலில் உம்மா வெள்ளை உடுத்து உட்கார்ந்திருந்தாள். இனி நாலு மாதம் பத்து நாள் அவளுக்கு இத்தா. வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. அதற்காக மாமி தன் வீட்டிலிருந்தே ஒரு கறுப்புத் துணியைக் கொண்டு வந்திருந்தாள். கெட்டித் துணி. அதை இரண்டாக மடித்து ஜன்னல் சட்டத்தில் வைத்து ஆணி அடித்தாள். ஜன்னலுக்கு வெளியே இருந்த சாதிக்காய் மரமும் கராம்பு மரமும் அவற்றுக்குக் கீழே ஓடைக்கு இறங்கும் சரிவும் ஒவ்வோர் ஆணிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தன. கடைசி ஆணியோடு அறை இருட்டிவிட்டது. உச்சிப் பகலில் மாமி லைட்டைப் போட்டாள்.

உம்மா அன்று காலையிலிருந்து பேசவில்லை. இப்போது பேசினாள்.

"பின் கதவெ பூட்டாதீங்க மதினி."

"எல்லாத்தயும் நான் பாத்துக்கொள்றேன். நீங்க ஓதிக்கொண்டு இரிங்க" என்றாள் மாமி. நேரே போய்ப் பின் கதவைப் பூட்டித் திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மாமிக்கு அந்தப் பின் கதவின் மேல் கோபம். கதவின் மேல் கூட இல்லை, அதற்கப்பால் இருந்த ஓடையின் மேல். ஜஹானாவின் வாப்பா றவூப் மவுத்தானது ஓடைக்கரையில்தான். அன்று விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வழக்கம் போல உம்மாவும் அவருமாக இறங்கிப் போய்க் கரையில் இருந்த பெரிய கல்லில் உட்கார்ந்து பால் விடாத பிளேன்டி குடித்தார்கள். கித்துள் கருப்பட்டி எடுத்துவர மறந்துவிட்டதென்று உம்மா வீட்டுக்கு ஏறி வந்தாள். திரும்பிப் போனபோது அவர் கும்புக் மரத்தில் சாய்ந்தபடி இருந்தார். மாரடைப்பு என்று டொக்டர் சொன்னார். எங்கே இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்றும் சொன்னார். மாமி அதைக் காதில் வாங்கவில்லை. அந்த ஈரமும் பனியும்தான் தம்பியைக் கொண்டு போய்விட்டன என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜஹானாவுக்குப் பயம் வேறு இடத்தில் இருந்தது. இந்த அறையை அவளுக்குத் தெரியும். கலவரத்தில் கடை எரிந்த வருஷம் வாப்பா இதே அறையில்தான் கதவைச் சாத்திக்கொண்டார். கராம்பும் மிளகும் சாதிக்காயுமாக ஒரு கடை நிறையச் சரக்கு. எரிந்த வாசம் ஒரு கிழமை ஊரில் நின்றது. அதன் பிறகு அவர் ஜன்னலைத் திறக்க விடவில்லை. சாப்பாட்டுத் தட்டு போனபடியே திரும்பி வந்தது. கண்டியில் காட்டிய டொக்டர் கொடுத்த குளிசையில் தூக்கம் வந்ததே தவிர மனிதர் வரவில்லை. மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், யார் இது என்பது போல ஒரு பார்வை. அந்தப் பார்வையை ஜஹானா இன்னும் மறக்கவில்லை.

அவரை வெளியே கொண்டுவந்தது உம்மா. ஆறுதலெல்லாம் சொல்லவில்லை. ஒருநாள் விடிந்ததும் கையைப் பிடித்து இழுத்து, ஓடைக்கரையில் மண் சரிகிறது, இன்னும் கொஞ்ச நாளில் வளவு தண்ணீரோடு போய்விடும், வந்து பாருங்கள் என்றாள். மண் சரிந்தது உண்மைதான். மண்வெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தான் நாற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கும்புக், மூங்கில், இடையிடையே ஈரப்பலா. குரங்கு பிடுங்கிப் போட்டதை மறுபடி நட்டார்கள். மழை இழுத்துப் போனதையும் நட்டார்கள். செருப்பில்லாமல் சேற்றில் நின்று நின்று வாப்பாவுக்குப் பசி வந்தது, பிறகு பேச்சு வந்தது, ஒருநாள் சிரிப்பும் வந்தது. அடுத்த நோன்பு வருவதற்குள் கடையைத் திறந்துவிட்டார். ஆனால் காலையில் அந்தக் கல்லில் உட்காருவதை விடவில்லை. ஒரு வியாபாரி வேலை நேரத்தில் ஓடையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் மடவளை பேசாமல் விடுமா? பேசியது. அவர் அதற்கும் சிரித்தார்.

இப்போது அதே அறையில் உம்மா. ஜஹானா எட்டிப் பார்த்தாள். உம்மா கறுப்புத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஓதவும் இல்லை, அழவும் இல்லை. வாப்பாவைத்தான் மண்ணுக்குக் கொடுத்தாயிற்று, உம்மாவை இந்த அறைக்குக் கொடுக்கப் போவதில்லை என்று ஜஹானா அந்த இடத்திலேயே முடிவு செய்தாள்.

மையவாடிக்குப் போனவர்கள் திரும்பியபோது அஸர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. ஜஹானாவின் தம்பி இப்ஹாமின் சாரம் முழங்கால் வரை சேறு. கபுறின் தலைமாட்டில் நடுவதற்குக் கும்புக் கொப்பு ஒன்றை அவன்தான் ஒடித்துக்கொண்டு போயிருந்தான். நட்டாச்சு தாத்தா என்று மட்டும் அக்காவிடம் சொன்னான். ஜஹானா உம்மாவின் மூத்த சகோதரர் ஹாஷிம் மாமாவைத் தனியே கூப்பிட்டாள். அவர் மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் ஹஸ்ரத், அவர் சொன்னால் ஊர் கேட்கும். இத்தா இருக்கிறவள் பின்வளவுக்கு இறங்கலாமா என்று கேட்டாள். மாமா தாடியைத் தடவி யோசித்துவிட்டு, வளவும் வீட்டில் சேர்த்திதான் என்றார். அந்நியப் பார்வை படாமல் இருந்தால் போதும், ஜன்னலை அடைத்து இருட்டில்தான் உட்கார வேண்டும் என்று மார்க்கத்தில் எங்கும் இல்லை, அது நம் பெண்கள் பழக்கி வைத்தது என்றார்.

இதைக் கொண்டு போய் மாமியிடம் சொன்னாள். மாமி அடுப்படியில் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"ஹஸ்ரத் செல்றது சரி. பார்வ படாம எப்படி? அக்கரையில ரோட்டு ஈக்கி. போற வார ஆம்புளயெல்லாம் பாப்பான். நாளெக்கி ஊரு என்ன செல்லும்?"

"மரம் ஈக்கிதானே மாமி."

"குச்சி குச்சியா நட்டு வெச்சான் ஒங்கட வாப்பா. அதுக்குள்ள யாரெ மறெக்க ஏலும்?"

மாமி அந்தக் குச்சிகளைக் கடைசியாகப் பார்த்தது நட்ட புதிதில், அதுவும் பின் கதவில் நின்றபடி. முழங்கால் வலி என்று அவள் பின்வளவுக்கு இறங்கியதே இல்லை. ஜஹானா அதைச் சொல்லிக் காட்டவில்லை. கொடியில் காய்ந்த வெள்ளைக் கட்டில் விரிப்பை உருவித் தலையோடு போர்த்திக்கொண்டாள். மாமி அப்போதுதான் கேத்தலைக் கீழே வைத்தாள்.

"புருஷன் ஈக்கிற புள்ள வெள்ளெய போத்தாதே."

"நான் கல்லுல போய் இருக்கிறேன். நீங்க அக்கரைக்கு போய் ரோட்டுல நிண்டு பாருங்க. நான் தெரிஞ்சா, உம்மா அந்த ரூமுலயே இருக்கட்டும். நான் இதுக்கு மேல வாய் தொறக்க மாட்டேன்."

மாமி அவளைப் பார்த்தாள். றவூபின் பிடிவாதம் அப்படியே மகளிடம் இருந்தது. அதை மாமி கண்டுகொண்டது முகத்தில் தெரிந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்துத் திறப்பை நீட்டினாள். பிறகு இப்ஹாமைக் கைக்குப் பிடித்துக்கொண்டு முன்வாசலால் பாலத்துப் பக்கம் நடந்தாள்.

ஜஹானா பின் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். சாதிக்காய் ஒன்று வெடித்து விழுந்து கிடந்தது, உள்ளே சிவப்புப் பத்திரி தெரிந்தது. யாரும் பொறுக்கவில்லை. சரிவில் செருப்பு வழுக்கியதால் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். கல்லுக்கு வந்தபோது, கும்புக் மரத்தின் வேர் இடுக்கில் வாப்பாவின் கோப்பை அப்படியே இருப்பதைக் கண்டாள். காலையில் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் ஒருவரும் எடுக்கவில்லை. அடியில் கொஞ்சம் பிளேன்டி மிச்சம், அதில் ஒரு இலை. ஜஹானா வெள்ளைத் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து வராமல் நின்ற அழுகை முழுவதும் வந்தது. ஓடை சத்தம் போட்டுக்கொண்டு போனது, அதனால் யாருக்கும் கேட்காது என்பது நல்லதாக இருந்தது.

அக்கரையிலிருந்து மாமியின் குரல் வந்தது.

"ஜஹானா, இன்னும் எறங்கல்லயா நீ?"

"கல்லுலதான் ஈக்கிறேன் மாமி."

பிறகு குரல் வேறு இடத்திலிருந்து, இன்னும் கிட்ட வந்தது.

"எந்தப் பக்கம்?"

ஜஹானா கையை உயர்த்தி வெள்ளைத் துணியை ஆட்டினாள். மூங்கில் இலைகளுக்கு அப்பால் ரோட்டில் ஒரு திரீவீலர் போவது கேட்டது, அதன் நிறம்கூடத் தெரியவில்லை. இப்ஹாம் ஏதோ சொல்வதும் மாமி அவனைப் பேசாமல் இருக்கச் சொல்வதும் கேட்டன.

"காணல்ல" என்றாள் மாமி.

திரும்பிவர மாமிக்கு நிறைய நேரம் எடுத்தது. முன்வாசலால் வருவாள் என்று ஜஹானா மேலே பார்த்துக்கொண்டிருக்க, மாமி கரையோரமாகவே, இப்ஹாமின் தோளைப் பிடித்துக்கொண்டு, மரங்களுக்குள்ளால் வந்தாள். சேலைக் கரையெல்லாம் சேறு. வழியில் ஒவ்வொரு மரத்தையும் கையால் தொட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டும், உள்ளங்கை பாசி பிடித்துப் பச்சையாக இருந்தது. இப்ஹாம் மேலே போனான். மாமி மூச்சு வாங்கிக்கொண்டு, தன் தம்பி சாய்ந்திருந்த மரத்தை அண்ணாந்து பார்த்தாள். அது ஓடைக்கு மேலே கிளை விரித்து மறுகரைக் கிளையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இவ்வளவு பெருசா" என்றாள்.

ஜஹானா கோப்பையைக் காட்டினாள். மாமி அதை வாங்கி உள்ளே பார்த்தாள். இலையை எடுக்கவில்லை. வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். மாமியின் புருஷன் இறந்தது ஜஹானா பிறப்பதற்கு முன்னால். அந்த இத்தாவைப் பற்றி மாமி ஒருநாளும் பேசியதில்லை. பேசாத ஒன்றைக் கேட்பது மரியாதையில்லை என்று தெரிந்தும் ஜஹானா கேட்டாள், அந்த நாலு மாதமும் எப்படி இருந்தது என்று.

மாமி ஓடையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"மழ பெய்யிற சத்தம் கேக்கும். எந்த மரத்துல பெய்யிதுண்டு தெரியா. வெளிய வந்த நாளு வெளிச்சம் கண்ணுல குத்திச்சி. அதுக்குப் பொறகு எனக்கி வளவுக்கு எறங்கவே மனசு வரல்ல. முழங்காலு வலிண்டு செல்லிக்கொண்டேன்."

அவ்வளவுதான். கோப்பையை ஜஹானாவிடம் கொடுத்துவிட்டு, சரிவைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறினாள். ஜஹானா பின்னால் போனாள். மாமி நேரே நடு அறைக்குள் போய்ச் சுத்தியலின் பின்பக்கத்தால் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அடிக்கும்போது இருந்த வேகம் கழற்றும்போதும் இருந்தது. ஒரு ஆணி வளைந்துகொண்டது. அதையும் விடவில்லை. துணி விழுந்ததும் வெளிச்சம் வந்து உம்மாவின் மடியில் விழுந்தது. சாதிக்காய் மரத்தில் குக்குறுவான் ஒன்று கத்திக்கொண்டிருந்தது, அது இவ்வளவு நேரமும் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கும்.

"எழும்புங்க" என்றாள் மாமி. "அஸர் தொழுதுட்டு எறங்குவோம்."

உம்மா எழுந்தாள். தொழுது முடித்தாள். வெள்ளை முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு பின் கதவுக்கு வந்தாள். படியில் செருப்பைப் போடாமல் வெறுங்காலோடு மண்ணில் இறங்கினாள். வழியில் குனிந்து அந்தச் சாதிக்காயைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டாள். மாமி கறுப்புத் துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் இறங்கினாள். எதற்கு அது என்று ஜஹானாவுக்குப் புரியவில்லை.

கல் ஈரமாக இருந்தது. மாமி துணியை நாலாக மடித்து, உம்மா எப்போதும் உட்காரும் பக்கத்தில் போட்டாள். உம்மா உட்கார்ந்தாள். பிறகு மெல்ல எழுந்து, ஒரு மடிப்பைப் பிரித்து, துணியை மறுபக்கத்துக்கும் நீட்டி விரித்தாள். ஓரத்தில் ஆணி போன துளைகள் வரிசையாகத் தெரிந்தன.

"இங்க இரிங்க மதினி" என்றாள்.

மாமி கொஞ்சம் தயங்கினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். ஜஹானா ஓடையில் கோப்பையைக் கழுவிக்கொண்டு தேத்தண்ணி கொண்டுவர மேலே போனாள்.