மதியம்வரை ஓடட்டும்

புது வடிகட்டியைப் பொருத்தி, மெஷினை ஓடவிட்டு, மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள் மகள். மாடியிலிருந்து அம்மா கூப்பிட்டாள். அப்பாவுக்கு உதடு நீலம் பாரிக்கிறதாம்.

கீழே கடை, மேலே வீடு. ஆஸ்பத்திரிகள் கழித்துப்போட்ட கருவிகளை வாங்கி, கழுவி, சரிபார்த்து விற்கிற கடை. ஊருக்கெல்லாம் நல்ல ஆக்சிஜன் மெஷினாகப் பொறுக்கிக் கொடுத்த மனிதர், தன் நுரையீரல் மக்கர் பண்ணியபோது மட்டும் விலைபோகாத ஒன்றைப் படுக்கையோரம் வைத்துக்கொண்டார். இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். டாக்டரும் மறுத்துப் பேசவில்லை. அந்த நொண்டி மெஷின் இன்று காலையிலிருந்து பெயருக்குத்தான் ஊதிக்கொண்டிருந்தது.

கையில் இருந்த நல்லது இது ஒன்றுதான். தையல்காரர் தன் மனைவிக்காகச் சொல்லிவைத்தது. அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறினாள்.

அப்பா மெஷினை மேலும் கீழும் பார்த்தார். பேரத்துக்கு உட்காருகிறவரின் பார்வை.

"ஓட்டிப் பாத்தாச்சா?"

அந்தக் கடைக்குச் சட்டம் ஒன்றுதான். காலையில் போட்டால் மதியம்வரை ஓட வேண்டும். ஆக்சிஜன் அளவு காட்டும் மீட்டரின் முள் இறங்கக் கூடாது. சில மெஷினில் பச்சை விளக்கு ஜோராக எரியும், வருவதோ வெறும் காற்றாக இருக்கும், அதை நம்பி ஒரு ஆள் படுத்துக் கிடப்பார். அதனால் அழுகிறவர்களுக்கும் அவசரக்காரர்களுக்கும் அப்பா முதலில் காட்டுவது நாற்காலியைத்தான்.

வியாபாரத்தில் அவள் சொல்லாத பொய்யா? பெரிய கீறலை, வண்டியில் ஏற்றும்போது பட்டது என்பாள். ஓடி ஓய்ந்ததை, ஒரு டாக்டர் வீட்டில் சும்மா கிடந்தது என்பாள். இப்போது தேவைப்பட்டது ஒரே சொல். ஆச்சுப்பா. அது வரவில்லை.

"இப்பதான்பா போட்டேன்."

"அப்ப கீழ கொண்டுபோ. மதியம்வரைக்கும் ஓடட்டும்." மூச்சு வாங்கிக்கொண்டே சிரிக்கப் பார்த்தார். "எனக்குன்னா மட்டும் சலுகையா?"

அந்த மனுஷன் கிடக்கிறார், நீ மாட்டிவிடு என்று அம்மா அதட்டினாள். அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார். அவரிடம் பேரம் பேசி ஜெயித்தவர் யாருமில்லை. அவளுக்கும் அது பழகிப்போயிருந்தது. கீழே வந்து, மெஷினை மறுபடி போட்டு, முன்னால் உட்கார்ந்தாள். முள் முதலிலேயே ஏறி நின்றது. பிறகு அசையவில்லை. போதுமே என்று அவள் எழுந்தபோது மாடியில் அம்மா அழத் தொடங்கியிருந்தாள்.

மாட்டியிருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்றார் டாக்டர். சித்தப்பாவும் அதையே வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகும் தையல்காரர் வாசலில் நின்றார். துக்கம் விசாரித்தாயிற்று, கிளம்பவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை.

"அண்ணிக்கு எப்படிண்ணே இருக்கு?"

"ராத்திரி தூங்கவே இல்லம்மா. இருக்கட்டும், நான் இன்னொரு நாள்..."

"வேணாம்ணே. இப்பவே எடுத்துட்டுப் போங்க."

அவர் தயங்கினார். கடையின் சட்டம் வாடிக்கைக்காரர்களுக்கும் மனப்பாடம்.

"ஓட்டிப் பாத்தாச்சாம்மா?"

"பாத்தாச்சு. முள்ளு எறங்கவே இல்ல."

ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்கள். தையல்காரர் உள்ளே உட்கார்ந்து மெஷினை முழங்காலோடு அணைத்துக்கொண்டார். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அவள் மெஷினைப் பிடித்த பிடியை விடவில்லை. தையல்காரர் டிரைவரின் தோளைத் தொட்டு, கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.