சேவலும் சதுர விரிசலும்

தையல்காரிக்கும் அவள் நாத்தனாருக்கும் பதினோரு வருஷத்தில் சண்டை என்று எதுவும் வந்ததில்லை. பேச்சென்றும் பெரிதாக இருந்ததில்லை. நாத்தனார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அளந்து பேசுகிறவர். தன் வீட்டுக்கு பெயிண்ட் அடித்து முடியும்வரை தம்பி வீட்டில் தங்க வந்திருந்தார். முதல் இரண்டு நாளும் "சாப்ட்டீங்களா அண்ணி", "ஆச்சும்மா" என்பதோடு சரி.

மூன்றாம் நாள் காலை, தையல்காரி தோட்டத்தில் உட்கார்ந்து டைல்ஸைச் சாக்குக்குள் போட்டுச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் கடைக்காரர் தூக்கிப்போட இருந்த உடைசல்கள். இந்த வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருஷமாகிறது. செடிகளுக்கு நடுவே பாசி பிடித்துக் கிடந்த சிமெண்ட் தளம் அன்றிலிருந்து அவள் கண்ணை உறுத்தியது. அதன்மேல் பெரிய சேவல் ஒன்றைப் பதிக்க ஆசை.

"எத்தனை துண்டு வேணும்னு கணக்குப் போட்டியா?" பின்னால் வந்து நின்றார் நாத்தனார்.

"இல்ல அண்ணி. கண்ணளவுதான்."

நாத்தனாருக்கு அது பொறுக்கவில்லை. உள்ளே போய் நோட்டும் ஸ்கேலும் எடுத்துவந்தார்.

தையல்காரி பிளவுஸுக்கு வெட்டுவதுபோலக் காகிதத்தில் சேவலை வெட்டினாள். நாத்தனார் தளத்தைத் தேய்த்துக் கழுவினார். பாசிக்கடியில் ஒரு விரிசல் தெரிந்தது. ஓரத்திலிருந்து அது எவ்வளவு தள்ளியிருக்கிறது, எவ்வளவு நீளம் என்று நோட்டில் குறித்துக்கொண்டு, சிமெண்டைக் குழைத்து அழகாக அடைத்தார்.

"வாலு இதுக்கு மேல நீண்டா விகிதம் கெட்டுடும்."

"சேவல் என்ன பரீட்சை எழுதவா போகுது? இருக்கட்டும் அண்ணி."

நாத்தனார் சிரித்துவிட்டார். அவர் வாய்விட்டுச் சிரித்து தையல்காரி அதுவரை கேட்டதில்லை.

அதன்பின் இருவருக்கும் வாய் ஓயவில்லை. கொடியில் போர்வைகளைத் தொங்கவிட்டு மறைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். பஸ் ஓட்டிவிட்டு வீடு திரும்பும் கணவன் எட்டிப் பார்த்தால், "டிக்கெட் இல்லாம ஏறக்கூடாது" என்று விரட்டினாள் தையல்காரி.

ஞாயிற்றுக்கிழமை போர்வையை விலக்கினார்கள். சிவப்புக் கொண்டையும் நீலமும் பச்சையுமாக வாலும் வைத்து, நெஞ்சை நிமிர்த்தி நின்றது சேவல். கணவன் கிட்டே வந்து குனிந்து பார்த்தான். சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"பிரமாதமா இருக்கு. தொட்டி மூடி எங்க?"

"எந்தத் தொட்டி?"

"தண்ணித் தொட்டி. இதுக்கு அடியிலதானே இருக்கு. கைப்பிடி துருப்பிடிச்சு உதிர்ந்துபோச்சு, ஆனா மூடி இங்கதான் இருந்துச்சு."

"அது வாசப்பக்கம்ல?"

"அது தண்ணி மீட்டர் மூடி. நாளைக்குத் தொட்டி கழுவ பிளம்பர் வர்றாரே."

நாத்தனார் மெல்ல நோட்டைத் திறந்தார். "இங்க ஒரு விரிசல் இருந்துச்சு. அறுபது சென்டிமீட்டர். நாலு பக்கமும்."

"அக்கா, நாலு பக்கமும் அறுபது, மூலைக்கு மூலை தொண்ணூறு டிகிரி. விரிசல் இப்படியா விடும்? நீ கணக்கு டீச்சர்தானே?"

நாத்தனாரின் முகம் சுருங்கிவிட்டது. அதைப் பார்த்த தையல்காரிக்கு மனசு கேட்கவில்லை.

"நான்தான் அடைக்கச் சொன்னேன்."

"பொய் சொல்றா. நானாத்தான் அடைச்சேன்."

"நான் சொல்லாம அண்ணி கை வைப்பாங்களா?"

"அவளுக்குத் தெரியவே தெரியாதுடா."

கணவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "யார் தப்புன்னு முடிவு பண்ணி வைங்க. நான் போய் டீ போடறேன்."

மறுநாள் வந்த பிளம்பர் சேவலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கிட்டே வந்தார். விஷயத்தைக் கேட்டு, "அப்போ வயித்துல ஆபரேஷன்தான். ஆனா மூடி எங்கன்னு தேடி உடைச்சா சேவல் தேறாதே" என்றார்.

"தேட வேணாம்," என்று நாத்தனார் நோட்டைப் பார்த்து நாலு மூலையிலும் புள்ளி வைத்தார். தையல்காரி துணிக்குக் கோடு போடும் சாக்கட்டியால் புள்ளிகளை இணைத்தாள். கட்டர் ஓடிய நேரம் முழுக்க இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு புழுதியில் நின்றார்கள். கடப்பாரையை நெம்பியதும் சேவலின் வயிறு மட்டும் சதுரமாக எழும்பி வந்தது. பதினொரு துண்டுகள்தான் சேதம்.

கட்டர் வெட்டிய கோட்டை மறைக்க முடியாதென்று தெரிந்ததும், "மறைப்பானேன்?" என்றாள் தையல்காரி. அதைச் சுற்றி மஞ்சள் துண்டுகளைத் தையல்போல வரிசையாகப் பதித்தார்கள். பிளம்பர் மூடியில் இரண்டு இரும்பு வளையங்களை மாட்டிக் கொடுத்தார். பார்க்கப் பித்தான் வைத்த சட்டைப்பைபோல இருந்தது.

பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "சேவலுக்கு எதுக்குங்க பை?"

"தண்ணி வச்சுக்கத்தான்," என்றார் நாத்தனார்.

சாயங்காலம் பெயிண்டர் போன் செய்தார். வேலை நாளையோடு முடிகிறதாம்.

"எதுக்கு அவசரப்படறீங்க?" என்றார் நாத்தனார். "நிதானமா இன்னொரு கோட்டிங் அடிங்க."