பூட்டிய பேன்ட்ரி

மானுட நாகரிக வரலாற்றில் இதுவரை எந்த அரிசி ஆலையும் துணியாத ஒரு முடிவைச் மலேசியாவின் செகிஞ்சானுக்குப் பக்கத்திலிருக்கும் தமது ஆலை எடுத்துவிட்டதாக, மேலாளர் உமாபதி எழுந்து நின்று அறிவித்தார். நோன்பு மாதம் முடியும்வரை ஊழியர்கள் சாப்பிடும் பேன்ட்ரி பூட்டியிருக்கும்; சாவி தம்மிடம் மட்டுமே இருக்கும். முஸ்லிம் சகோதரிகளின் கண்ணெதிரே எவரும் மெல்லவோ விழுங்கவோ கூடாது.

"மரியாதை லா, மரியாதை," என்று தம் நெஞ்சைத் தாமே தட்டிக்கொண்டார்.

அடுத்த மரியாதை கிளார்க் சபுராவுக்குத் தனியாகக் கிடைத்தது. லோரியில் மூட்டை ஏற்றும் பிரிவுக்கு சூப்பர்வைசர் வேண்டும். அவளுக்கும் சக கிளார்க் திலீப்புக்கும் அன்று மாலை டெஸ்ட். அவளுடையதை மட்டும் பெருநாளுக்குப் பிறகு என்று உமாபதி தள்ளி வைத்திருந்தார்.

"நோன்போட வெயில்ல அலையணும்மா. மயங்கி விழுந்துட்டா?"

"வருசா வருசம் நோன்போடதான் சார் வேலை பாக்கறேன். என்னைக்காச்சும் விழுந்தேனா?"

"அதான் பயமே. இந்த வருசம் விழுந்துட்டா?"

பெருநாள் வருவதற்குள் நாற்காலியில் திலீப் உட்கார்ந்திருப்பான் என்று சபுராவுக்குத் தெரியும்.

இதில் கொடுமை என்னவென்றால், அன்று அவள் நோன்பே இல்லை. மாதவிடாய். மார்க்கமே கொடுத்த விடுப்பு. எந்த மேலாளரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஆனால் சானிட்டரி நேப்கின் விளம்பரம் வந்தாலே தொண்டையைச் செருமிக்கொண்டு விட்டத்தைப் பார்க்கும் மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது? வெளியே உட்கார்ந்து தின்றால், ஏன் நோன்பில்லை என்று ஆலையே விசாரிக்கும்.

பசி காதை அடைத்தது. கைப்பையிலிருந்த ரொட்டியோடு ஸ்டோருக்குள் நழுவி, காலிச் சாக்குகளுக்குப் பின்னால் போனாள். அங்கே தரப் பரிசோதனைப் பிரிவின் ரோஸ்னா அக்கா, மலாயில் கக் ரோஸ்னா, நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.



"நீயும் லீவா?" என்று மலாயில் கேட்டாள் ரோஸ்னா.

"லீவுதான் கக்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்போது கதவு கிரீச்சிட்டது. காலடிச் சத்தம் நேராகச் சாக்குகளை நோக்கி வந்தது. சபுரா ரொட்டியை முக்காட்டுக்குள் ஒளித்தாள். மானமும் போச்சு, பதவியும் போச்சு என்று நினைத்தாள்.

சாக்கைச் சுற்றிக்கொண்டு உமாபதி வந்தார். கையில் வடைப் பொட்டலம். வாயில் அதிலிருந்து ஒன்று.

"நாங்க பொம்பளைங்க லீவு, பாஸ்," என்றாள் ரோஸ்னா நிதானமாக. "நீங்க எந்த லீவு?"

உமாபதியின் கண்கள் கூரைத் தகரத்துக்கு ஏறின. வடை தொண்டையில் இறங்க நேரம் பிடித்தது.

"எனக்கு... கேஸ்ட்ரிக் லா."

சபுரா ரொட்டியை வெளியே எடுத்து ஒரு கடி கடித்தாள். "நான் தெம்பா இருக்கேன் சார். டெஸ்ட்ட இன்னைக்கே வைங்க."

"வச்சிருவோம்மா. இங்க பாத்தத மட்டும் வெளியில..."

"இங்க என்னத்த சார் பாத்தோம்? ஒரே இருட்டு."

மாலையில் சபுரா லோரிகளை வரிசைப்படுத்தி, மூட்டைகளைச் சாயாமல் அடுக்கி அனுப்பினாள். மயங்கவில்லை. திலீப் கயிறு கட்டாமலே ஒரு லோரிக்குக் கையசைத்தான். அத்தோடு முடிந்தது. வீட்டுக்குப் போன் போட்டு, "கெடைச்சிருச்சும்மா," என்றாள் சபுரா.

மறுநாள், புதிய சூப்பர்வைசருக்கு நிர்வாகம் அளிக்கும் முதல் மாபெரும் பொறுப்பு என்று கூறி, எல்லோர் முன்னிலையிலும் உமாபதி பேன்ட்ரி சாவியை ஒப்படைத்தார். சபுரா நேராகப் போய்த் திறந்துவிட்டாள். எல்லோரும் அவள் பின்னால் நுழைந்தார்கள்.

பூட்டும்போது நிறைந்திருந்த மைலோ பானத்தூள் டப்பா காலியாக இருந்தது.