பரிசீலனையில் இருக்கும் மாப்பிள்ளை

வர்த்தக அமைச்சகத்தில் அவருக்குப் 'பரிசீலனை' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் மிச்சம். வெளிநாட்டுக் குடைகளுக்குப் போட்ட தற்காலிகத் தடையை எப்போது எடுப்பீர்கள் என்று யார் கேட்டாலும், முகம் மாறாமல் "பரிசீலனையில இருக்கு" என்பார். தடை வந்தபோது பால்பல் விழாத மகள், இப்போது கூடப் படித்த பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நிற்கிறாள். அவளுக்கும் அதே பதில்தான். பையனோ வெளியூர் வேலைக்கு மாதக் கடைசியில் கிளம்புகிறான். அதற்குள் அப்பா வாயிலிருந்து ஒரு 'சரி' வர வேண்டும்.

அந்த வாரம் சர்வதேச வர்த்தக அமைப்பிலிருந்து மீளாய்வுக்கு ஓர் அம்மாள் வந்திருந்தார். சில வருடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாட்டின் வர்த்தகக் கொள்கையையும் அலசி, அறிக்கையாக மற்ற நாடுகளின் முன் வைத்து, அவர்களைக் கேள்வி கேட்க விடுவது அந்த அமைப்பின் வேலை.

"குடைக்கு ஏன் இன்னும் தடை?" என்றார் அம்மாள்.

"உள்ளூர்த் தொழில் பச்சைக் குழந்தைங்க. கொஞ்சம் தேறட்டும்னு பாக்குறோம்."

"போன தடவையும் நான்தான் வந்தேன். அப்பவும் பச்சைக் குழந்தைன்னுதான் சொன்னீங்க. இந்நேரம் அதுக்கு மீசை முளைச்சிருக்குமே."

உதவியாளர்கள் அவசரமாகக் கோப்புகளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்கள். பரிசீலனை ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்தார். போதாக்குறைக்கு, அம்மாள் கிளம்பும்போது மழை. அலுவலகத்தில் கொடுத்த உள்ளூர்க் குடை, வாசலில் ஒரு காற்றுக்கே மல்லாந்துவிட்டது.

இரவுச் சாப்பாட்டின்போது மனிதர் கெத்தை விடவில்லை. "அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. அபராதமா, தண்டனையா? வெறும் கேள்விதான்."

"அப்ப எதுக்குப்பா முகம் இப்படி இருக்கு?" என்றாள் மகள்.

"எல்லார் முன்னாடியும் கேப்பாங்கம்மா. சொன்னதையே திரும்பச் சொன்னா மானம் போகுதுல்ல."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் குளித்துவிட்டு வந்தால், கூடத்தில் அவருடைய அண்ணன், தங்கை, மனைவியின் தம்பி எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

"உக்காருங்கப்பா. உங்க கல்யாணக் கொள்கைக்கு இன்னைக்கு மீளாய்வு," என்றாள் மகள். "தண்டிக்கிற அதிகாரம் எங்களுக்குக் கிடையாது. வெறும் கேள்விதான்."

"பையன்கிட்ட என்னடா குறை?" என்றார் அண்ணன்.

"குறைன்னு ஒண்ணும் இல்லண்ணே."

"அவங்க வீட்டு ஆளுங்க?" என்றாள் தங்கை.

"தங்கமான மனுஷங்க."

"அப்புறம் தடை எதுக்கு மாமா?" என்றான் மைத்துனன்.

"இவ இன்னும் சின்னப் பொண்ணு. கொஞ்சம் தேறட்டும்னு..."

"ஏங்க, இவ வயசுல எனக்கு இவளே பொறந்தாச்சு," என்று அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

பரிசீலனை வாயைத் திறந்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவ போயிட்டா, என்னை எதிர்த்து ஒரு கேள்வி கேக்க இந்த வீட்ல யார் இருக்கா?" என்றார். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

மகள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா. மாசாமாசம் வந்து மீளாய்வு பண்ணுவேன், போதுமா?"

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அந்தப் பையனை வரச் சொல்லு."

"எப்பப்பா?"

"பரி..." என்று ஆரம்பித்தவர், அத்தனை தலையும் நிமிர்வதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இப்பவே."

தெருமுனையில்தான் நிறுத்திவைத்திருந்தாள் போலிருக்கிறது. கதவைத் திறந்தால், மழையில் நனைந்து தலையிலிருந்து சொட்டச் சொட்ட நின்றான் பையன். கையில் கம்பி கழன்று மல்லாந்த குடை.

பரிசீலனை குடையை வாங்கிப் பார்த்தார். "உள்ளூரா?"

"வேற கிடைக்கலீங்க சார்."

தோளில் கிடந்த துண்டை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"தலையைத் துவட்டிட்டு உள்ள வாங்க மாப்பிள்ள. அந்தத் தடையையும் எடுத்துடலாம்."